பூமியில் கண்டுபிடித்த விதி ஆண்ட்ரோமீடாவிலும் செல்லும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்?

ஊரணிக்கரை (தேவகோட்டை) கேட்டது:

வணக்கம். நான் இயற்பியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், ஆனால் விண்வெளி பற்றித் தமிழில் எது வந்தாலும் விடாமல் படிப்பேன். படிக்கிற எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: இயற்பியல் விதிகள் அண்டம் முழுக்க ஒன்றுதான். அது ஏன் அப்படி என்று யாரும் நின்று விளக்குவதில்லை, சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

மனிதன் கால் வைத்தது நிலாவில் மட்டும். வாயேஜர் 1 என்ற கலம் 1977-ல் கிளம்பி இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது, அது எட்டியிருக்கிற தூரம் ஒளிக்கு ஏறக்குறைய ஒரு நாள் பயணம். பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடாவோ 25 லட்சம் ஒளியாண்டு. ஒரு நாள் தூரம் வரைக்கும் பார்த்தவன் 25 லட்சம் வருஷத் தூரத்தில் இருப்பதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எங்கள் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகிறது, விண்வெளி நிலையத்தில் ஆள் மிதக்கிறான். இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கிறோம், அப்புறம் "ஒன்றுதான்" என்றால் என்ன அர்த்தம்? மச்சினனிடம் கேட்டால் "விஞ்ஞானிங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்கிறான். அந்தப் பதில் மட்டும் வேண்டாம்.

---

பழைய கடிகாரம் (காரைக்குடி):

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், என் தொழிலே அதில்தான் இருக்கிறது. பழைய சுவர்க் கடிகாரம் வாங்கிப் பழுது பார்த்து விற்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் முகப்பிலும் பட்டாலையிலும் தொங்குகிற பெண்டுலக் கடிகாரங்கள் பலவும் இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ செய்தவை. லண்டனில் நொடி பிசகாமல் ஓடின கடிகாரத்தைக் கையே வைக்காமல் அப்படியே கொண்டுவந்து காரைக்குடியில் மாட்டினால் ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலேயே பின்தங்கும். சூட்டில் தண்டு நீளுவதால் என்று பலர் சொல்வார்கள். சூடும் ஒரு காரணம்தான், ஆனால் இரும்புத் தண்டு 15 டிகிரி கூடுதல் சூட்டில் நீண்டால் நாளைக்கு எட்டு நொடிதான் போகும். மீதி எல்லாம் ஈர்ப்பு செய்கிற வேலை. லண்டனில் ஈர்ப்பு முடுக்கம் 9.81, நமக்கு 9.78. நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே இருக்கிறோம், பூமி அங்கே புடைத்திருக்கிறது, சுழற்சியும் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் கயேன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார், நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. நியூட்டன் அதை வைத்துத்தான் பூமி நடுவில் புடைத்திருக்க வேண்டும் என்று வாதாடினார்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் இப்படிச் சொல்கிறேன். கூட்டு வட்டிக்குச் சூத்திரம் ஒன்றுதான், ரங்கூனில் ஒரு வட்டி, தேவகோட்டையில் ஒரு வட்டி என்பதால் சூத்திரம் மாறிவிட்டது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பெண்டுலத்தின் அலைவு நேரம் நீளத்தையும் ஈர்ப்பையும் பொறுத்தது என்பதுதான் விதி. 9.78 என்பது விதி இல்லை, இந்த ஊருக்கு அதில் போடவேண்டிய எண். அதே கடிகாரத்தை நிலாவில் மாட்டினால் முள் ஒரு மணி நேரம் நகர உண்மையில் கிட்டத்தட்ட இரண்டரை மணி ஆகும், அதையும் இங்கே உட்கார்ந்தே அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். விண்வெளி நிலையத்தில் பெண்டுலம் ஆடவே ஆடாது. ஆனால் அங்கே ஈர்ப்பு இல்லாமல் இல்லை, 400 கிலோமீட்டர் உயரத்தில் இங்கே இருப்பதில் சுமார் 88 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆளும் அறையும் பெண்டுலமும் எல்லாம் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்க வழியில்லை, அதனால் மிதக்கிற மாதிரி.

(லண்டன் கடிகாரம் வைத்திருக்கிறவர்கள் கவனத்துக்கு: குண்டுக்கு அடியில் இருக்கிற சின்ன நட்டைத் திருகிக் குண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் வேகம் கூடும். பழுது என்று சொல்லிப் பல்சக்கரத்தை மாற்ற வந்தால் விடாதீர்கள்.)

---

கானாடுகாத்தான்காரன்:

பெயர்ச்சிப் பலன் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒன்று, சனிப்பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒன்று. ஏன் அந்தக் கணக்கு? சூரியனிலிருந்து பூமி இருக்கிற தூரத்தைப் போல குரு 5.2 மடங்கு தள்ளி. 5.2-ஐ மூன்று தடவை பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 11.86 வருஷம் வரும், பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்கு ஒரு வருஷம். சனி சுமார் 9.5 மடங்கு, அதே மாதிரி போட்டால் 29 வருஷம் சொச்சம், ராசிக்கு இரண்டரை. கெப்ளர் 1619-ல் வெளியிட்ட விதி. பலன் நடக்குமா நடக்காதா என்று என்னைக் கேட்காதீர்கள், பெயர்ச்சி நடக்கும்.

இதே விதி 40 ஒளியாண்டு தள்ளி டிராப்பிஸ்ட்-1 என்ற குட்டி நட்சத்திரத்தைச் சுற்றுகிற ஏழு கோள்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. அந்த நட்சத்திரத்தின் நிறை குறைவு என்பதால் போடுகிற எண் வேறு, அவ்வளவுதான். அங்கே யாரும் போனதில்லை.

---

பள்ளத்தூர் வாத்தியார்:

கடிகாரக்காரர் நன்றாகச் சொன்னார். முதல் கேள்விக்கு நான் வருகிறேன். "போய்ப் பார்க்கவில்லையே" என்கிறீர்கள். நாம் போகவில்லை, சரி, ஆனால் அங்கிருந்து ஒளி இங்கே வந்துகொண்டே இருக்கிறது, அதில் அந்த இடத்து அணுக்களின் அடையாளம் இருக்கிறது.

ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டுமே ஒளியை விடும் அல்லது விழுங்கும். ஹைட்ரஜனுக்கு 656.3, 486.1 நானோமீட்டர் என்று ஒரு வரிசை. இரும்புக்கு ஆயிரக்கணக்கான கோடுகள். அந்த இடங்களைத் தீர்மானிப்பது எலெக்ட்ரானின் நிறை, அதன் மின்னூட்டம், ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற குவாண்டம் விதி. இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே கொஞ்சம் வேறாக இருந்தாலும் கோடுகள் வேறு இடத்தில் விழும்.

1835-ல் ஆகஸ்ட் கோம்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி, நட்சத்திரம் எதனால் ஆனது என்பதை நாம் ஒருநாளும் அறிய முடியாது என்று எழுதினார். பெரிய மனிதர்தான், அவசரப்பட்டுவிட்டார். 25 வருஷத்துக்குள்ளேயே கிர்ச்சாஃபும் புன்செனும் ஹைடல்பர்க்கில் அடுப்புச் சுவாலையில் உப்பைப் போட்டுப் பார்த்து, சூரிய ஒளியில் இருக்கிற கருங்கோடும் இங்கே சோடியம் காட்டுகிற கோடும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று காட்டிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ஹீலியம் கதை. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பார்க்க ஜான்சென் என்ற பிரெஞ்சுக்காரர் குண்டூருக்கு வந்தார், அப்போது அது சென்னை மாகாணம். அந்தக் கிரகணத்தில் சூரியனின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் சோடியம் இல்லை. அதே வருஷம் இங்கிலாந்தில் லாக்யர் அந்தக் கோட்டைப் பார்த்தார், பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் அது ஒத்துவராததால் புதுத் தனிமம் என்று சொல்லிச் சூரியனின் கிரேக்கப் பெயரையே வைத்தார்கள். பலர் நம்பவில்லை. 1895-ல் ராம்சே யுரேனியத் தாது ஒன்றைச் சூடாக்கி வந்த வாயுவில் அதே கோட்டைப் பார்த்தார். பூமியில் படித்துவிட்டு வானத்துக்குப் பொருத்துவதுதானே உங்கள் குறை? இங்கே நடந்தது நேர் எதிர், வானத்தில் முதலில் கண்டு 27 வருஷம் கழித்துப் பூமியில் கண்டெடுத்தார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1930-ல் சந்திரசேகர் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, பூமியில் கண்ட குவாண்டம் விதியையும் சார்பியலையும் செத்த நட்சத்திரத்தின் உள்ளே பொருத்திக் கணக்குப் போட்டார். வெண்குறுமீன் (எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரம்) ஒன்று சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை தாங்காது என்று பின்னால் வந்து நின்ற வரம்புக்கு அந்தக் கணக்குதான் வழி. அப்போது பெரும் புகழோடு இருந்த வானியலாளர் எடிங்டன் சபையிலேயே கேலி செய்தார். கணக்குதான் நின்றது.

---

ஊரணிக்கரை:

ஐயா, மிக்க நன்றி. ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. தூரத்து விண்மீன் மண்டலங்களின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று நானே படித்திருக்கிறேன். அப்படியானால் கோடு அதே இடத்தில் இல்லையே. நகர்ந்து நிற்கிற கோட்டை "இதுதான் ஹைட்ரஜன்" என்று எப்படி அடையாளம் சொல்வது? நமக்குத் தோதாக நகர்த்திக்கொள்கிறோமோ?

---

பள்ளத்தூர் வாத்தியார்:

கேட்க வேண்டிய கேள்வி. கோடுகள் நகரும், ஆனால் எல்லாக் கோடும் ஒரே விகிதத்தில் நகரும். 656.3-ஐ 486.1-ஆல் வகுத்தால் 1.350. 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரின் (வெகு தூரத்தில் பளிச்சென்று ஒளிர்கிற விண்மீன் மண்டல மையம்) நிறமாலையைப் பார்த்துவிட்டுத் திணறினார், எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஹைட்ரஜன் கோடுகள் எல்லாமே 15.8 சதவீதம் நீண்டு வந்திருக்கின்றன. அப்படியென்றால் ஒன்று 760-க்கும் இன்னொன்று 563-க்கும் வரும். வகுத்துப் பாருங்கள், அதே 1.350. அந்த ஒளி கிளம்பி 200 கோடி வருஷத்துக்கும் மேல் ஆகிறது.

நமக்குத் தோதாக நகர்த்த நம்மிடம் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கோடுகளை ஒரே சமயத்தில் சரியான இடத்தில் உட்கார வைப்பது ஏமாற்றி முடிகிற காரியம் இல்லை.

---

புதுவயல் முரண்டு:

எல்லாரும் ஒரே பக்கம் பாடுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். விண்மீன் மண்டலத்தின் ஓரத்தில் இருக்கிற நட்சத்திரங்கள் நியூட்டன் கணக்குப்படி மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆனால் வேகமாகச் சுற்றுகின்றன, 1970-களில் வேரா ரூபின் அளந்து காட்டினார். விதி பொருந்தவில்லை. உடனே என்ன செய்தார்கள்? விதி தப்பு என்று சொன்னார்களா? கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது என்று சொல்லிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். இத்தனை வருஷமாக ஒரு துகள் கையில் அகப்படவில்லை. தேவகோட்டை அண்ணே, உங்கள் ஆடிட்டர் இதை மட்டும் ஒத்துக்கொள்வாரா?

---

எம்.எஸ்சி. முதல் வருஷம் (அழகப்பா பல்கலை, காரைக்குடி):

முரண்டு அண்ணே சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வகுப்பிலும் இந்தச் சண்டை நடக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதியும் வானமும் ஒத்துப்போகாத நிலைமை பல தடவை வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் முடிவு ஒரே மாதிரி இல்லை. யுரேனஸ் கணக்கு தவறிப்போனது, பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியர் "தெரியாத ஒரு கோள் இழுக்கிறது" என்று சொல்லி இடத்தையும் சொன்னார், 1846-ல் பெர்லினில் காலே பார்த்தபோது நெப்டியூன் அங்கே இருந்தது. விதி பிழைத்தது. அதே லெ வெரியர் புதன் கணக்கு தவறியபோதும் அதே வழியில் போய் வல்கன் என்று ஒரு கோள் இருக்கும் என்றார். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நூற்றாண்டுக்கு 43 வில்நொடி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு வில்நொடி), அவ்வளவு சின்ன வித்தியாசம். 1915-ல் ஐன்ஸ்டீன் அதைத் தீர்த்தார், அங்கே நியூட்டன் விதியே திருத்தப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், புதனுக்கு மட்டும் தனியாக ஒரு விதி போடவில்லை. புது விதியும் எல்லா இடத்துக்கும் பொது, தேவகோட்டைக்கும் சேர்த்து.

மூன்றாவது கதை பயனீர் 10, 11. சனியைத் தாண்டிப் போன அந்தக் கலங்கள் எதிர்பார்த்ததைவிடத் துளியளவு கூடுதலாக வேகம் குறைந்தன. தூரத்தில் ஈர்ப்பு வேறு மாதிரி நடக்கிறதோ என்று ஏகப்பட்ட கட்டுரைகள் வந்தன. 2012-ல் பழைய தரவுகளை எல்லாம் தோண்டியெடுத்துப் பார்த்ததில், கலத்தின் மின்கலனும் கருவிகளும் விடுகிற வெப்பம் ஒரு பக்கமாகக் கூடுதலாகப் போய்க் கலத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், புது இயற்பியல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கரும்பொருள் இதில் நெப்டியூன் வகையா, வல்கன் வகையா என்பது இன்னும் தீரவில்லை. மில்க்ரோம் என்ற இயற்பியலாளர் 1983-லேயே ஈர்ப்பு விதியைத்தான் மாற்ற வேண்டும் என்று ஒரு வழி சொன்னார், இன்றும் அதற்கு ஆள் இருக்கிறார்கள். விண்மீன் மண்டலங்களின் சுழற்சிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, மண்டலக் கொத்துகளில் இடறுகிறது. கரும்பொருள் பக்கம் சாட்சி அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் மில்க்ரோம் சொல்வதும் எல்லா இடத்துக்குமான ஒரே விதிதான், அதை மறந்துவிட வேண்டாம்.

அப்புறம், "எல்லாம் ஒளியை வைத்தே சொல்கிறீர்கள், ஒளி பற்றிய விதியே அங்கே வேறாக இருந்தால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு வேறு வேறு வழியில் வந்த செய்திகள் இருக்கின்றன. 1987-ல் மெகெல்லன் பெருமேகம் என்ற பக்கத்துச் சின்ன விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது, ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே பூமிக்கடியில் இருந்த மூன்று கருவிகளில் சேர்த்துச் சுமார் இரண்டு டஜன் நியூட்ரினோ (எதிலும் அநேகமாக மோதாமல் ஊடுருவிப் போகிற நுண்துகள்) சிக்கின. அணுக்கரு இயற்பியல் இங்கே சொன்ன கணக்குக்கு அது ஒத்தது. 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் ஈர்ப்பலையும் காமாக் கதிரும் சுமார் 13 கோடி வருஷம் பயணித்து 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. இரண்டும் வேறு வேறு விதிப்படி வருகிறவை.

இடத்துக்கு மட்டும் இல்லை, காலத்துக்கும் சோதித்திருக்கிறார்கள். 1972-ல் ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தில் 235 வகை 0.720 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 0.717 இருந்தது. யாரும் களவாடவில்லை. சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன் அங்கே பூமிக்குள் இயற்கையாகவே ஓர் அணு உலை எரிந்திருக்கிறது. அந்தச் சாம்பலில் சமாரியம் என்ற தனிமம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, 1976-ல் ஷ்லியாக்தர் என்ற ரஷ்யர், அணுவிசைகளின் அளவு அன்றைக்கும் இன்றைக்கும் மாறவே இல்லை என்று மிக இறுக்கமான வரம்பு போட்டார். 1999-ல் ஜான் வெப் குழு, தூரத்துக் குவாசர் ஒளியில் நுண்கட்டமைப்பு மாறிலி (மின்காந்த விசையின் வலுவைச் சொல்கிற எண்) லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாறியிருப்பதாகச் சொன்னது. பெரிய பரபரப்பு. பின்னால் வந்த துல்லியமான கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை.

ஆக, ஒன்றே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை, தவறாகுமா என்று வேலை மெனக்கெட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கண்டுபிடிக்கிறவருக்கு நோபல் நிச்சயம், அதனால் தேடுகிறவர்களுக்குப் பஞ்சமும் இல்லை. ஒளியே இன்னும் வந்து சேராத தூரத்துக்கு அப்பால் எப்படி என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது, அங்கிருந்து எந்தச் செய்தியும் வராது.

---

கானாடுகாத்தான்காரன்:

தம்பி பிரமாதம். ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சந்திரயானுக்கு நிலா மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை எடுத்து அரைத்துத்தான் பரப்பிச் சோதித்தார்கள். நிலாவின் மேட்டுநிலத்தில் இருக்கிற அனார்த்தோசைட் பாறையும் அதுவும் ஒரே வகை. 2023 ஆகஸ்ட் 23-ல் இறங்கும்போது ஈர்ப்பு 1.62 என்று போட்ட கணக்கு கொஞ்சம் பிசகியிருந்தால் விக்ரம் கால் ஊன்றி நின்றிருக்காது.

---

புதுவயல் முரண்டு:

தம்பி எழுதியதில் புதன் கதையும் பயனீர் கதையும் எனக்குப் புதுசு. கரும்பொருள் விஷயத்தில் நான் மில்க்ரோம் கட்சியிலேயே இருக்கிறேன், துகள் பிடிபடட்டும், அப்போது பார்ப்போம்.

---

ஊரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அந்த உப்பு, சோடியம் கோடு சமாசாரத்தை வீட்டில் பார்க்க முடியுமா? மச்சினனுக்குக் காட்ட வேண்டும்.

---

பள்ளத்தூர் வாத்தியார்:

முடியும். செருப்பு வாங்கின அட்டைப் பெட்டி ஒன்று எடுங்கள். ஒரு முனையில் இரண்டு சவர பிளேடின் விளிம்புகளை மயிரிழை இடைவெளியில் ஒட்டிப் பிளவு செய்யுங்கள். எதிர் முனையில் பழைய டி.வி.டி. துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்துப் பக்கத்தில் பார்க்க ஓட்டை போடுங்கள். சி.டி.யிலும் வரும், ஆனால் டி.வி.டி.யில் வரிகள் நெருக்கம், நிறம் நன்றாக விரியும். இருட்டில் கேஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் ஈரக் கரண்டி நுனியால் உப்பைக் காட்டினால் ஒரே ஒரு மஞ்சள் கோடு பளிச்சென்று நிற்கும். பெட்டியில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் பிளவை வெளிச்சமான வானத்துக்கோ வெள்ளைச் சுவருக்கோ காட்டுங்கள், குறித்த இடத்திலேயே மெல்லிய கருங்கோடு தெரியும். பிளவு அகலமாக இருந்தால் தெரியாது, அதில் பொறுமை வேண்டும். சூரியனை நேராக மட்டும் பார்க்கவே கூடாது, மச்சினனிடமும் சொல்லிவிடுங்கள்.

---

கானாடுகாத்தான்காரன்:

டி.வி.டி. வேண்டுமென்றால் என் கல்யாண டி.வி.டி. நாலு பிரதி சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டினதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.